பாதியில் நின்ற முடிவெட்டு

ஹிரோஷிமாவில் டிராம் திரும்புகிற முனைக்கு அடுத்த சந்தில் ஹிகாகி இசாமுவின் சலூன் இருக்கிறது. ஊரின் பேஸ்பால் அணியான கெண்டை அணி தோற்றால் அங்கே உட்கார இடம் கிடைக்காது. ஜெயித்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சொந்த ஊர் அணி ஜெயித்தால் தன் வீட்டு அடுப்பு அணையும் என்ற சாபம் வேறெந்தத் தொழிலுக்காவது உண்டா தெரியவில்லை.

இதில் இசாமுவைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் ஊர் ஜனங்களின் புத்தி. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றக் கூடாது என்பது இங்கே சட்டம். முதல் வெற்றியன்று போட்டிருந்த ஜட்டி, தின்ற பண்டம், உட்கார்ந்த மூலை, தலையில் இருந்த முடி, எதிலும் கை வைக்கக் கூடாது. தோற்றால் மட்டும், ஏதோ தாங்களே பந்தைக் கோட்டை விட்டதுபோல மனம் நொந்து வந்து, "மொட்டை போடு" என்று தலையைக் குனிவார்கள். பேஸ்பால் மட்டையை வாழ்நாளில் தொட்டிராத தபால்காரர்கூட அப்படி வந்து மொட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அணிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பழைய உறவு. போர் முடிந்து, ஊர் சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்த காலத்தில் அணி பிறந்தது. பின்னால் பெரிய முதலாளி யாரும் கிடையாது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் மைதான வாசலில் சாராயப் பீப்பாயை வைத்தார்கள், ஜனங்கள் சில்லறையைப் போட்டார்கள். இசாமுவின் அப்பா அதே மாதிரி ஒரு பீப்பாயைக் கடைக்குள் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். மீதிச் சில்லறை கேட்டவர்களை முறைத்தே அதில் போட வைத்தார். அந்தப் பீப்பாய் இப்போதும் இருக்கிறது. குடை வைக்கப் பயன்படுகிறது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் இசாமு நடக்கப் பழகினார். அப்பா போன பிறகு கத்திரியும் கடையும் பைத்தியமும் சேர்த்து அவர் கைக்கு வந்தன. அணியோ கோப்பையைக் கண்ணால் பார்த்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மே மாதம் பிள்ளைகளுக்காக வீட்டு வாசலில் கெண்டைக் கொடி ஏற்றுவார்கள் அல்லவா, அந்தக் கொடி இறங்குகிறவரைதான் இவர்களும் நன்றாக ஆடுவார்கள், கொடி இறங்கினால் இவர்களும் இறங்கிவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இசாமு மாடி கட்டினார், அழுதுகொண்டே கட்டினார். மொட்டை போடும்போது நாற்காலியில் இருப்பவரும் அழுவார், பின்னால் நிற்கிற இவரும் அழுவார், மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"உங்க சாமி கண்ணைத் திறந்தா நம்ம அடுப்பு கண்ணை மூடிக்குது. மூடினா அடுப்பு எரியுது. என்ன ஜென்மமோ!" என்பாள் அவர் மனைவி சதோயே. சொல்லிவிட்டு அவளே சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு மரச் சோற்றுக் கரண்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்புவாள். எங்கள் ஊரில் கை தட்டுவதைவிடக் கரண்டி தட்டுவதற்கு மதிப்பு அதிகம்.

அந்த வருஷமும் வழக்கம்போலத் தோல்வியில்தான் தொடங்கியது. கடை நிரம்பி வழிந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்கடை எபிசு வந்து நாற்காலியில் சாய்ந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒன்றாக மட்டம் போட்டு மைதானச் சுவர் ஏறிக் குதித்தவர்கள். எபிசுவின் கடையில் எல்லா மீனும் கிடைக்கும், கெண்டையைத் தவிர. கேட்டால், "சொந்தக்காரனை வெட்டி விக்கச் சொல்றியா?" என்பார்.

"மொட்டையா?" என்று கேட்டார் இசாமு.

"அவ்வளவு கேவலமா இன்னும் தோக்கலடா. ஒட்ட வெட்டிவிடு, போதும்."

குளிர்காலம் பூராவும் வளர்ந்த முடி எபிசுவின் காதுகளை மூடியிருந்தது. இசாமு வலது பக்கத்திலிருந்து மெஷின் போட்டார். காதைச் சுற்றி, பின்னந்தலை நடுச்சுழி வரைக்கும் வந்துவிட்டார். ரேடியோவில் கடைசி இன்னிங்ஸ். கெண்டை அணி வழக்கம்போலப் பின்தங்கியிருந்தது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒருவன் பந்தை அடித்து மைதானத்துக்கு வெளியே தூக்கினான். மெஷின் தரையில் விழுந்தது. இசாமு குதித்தார். எபிசு கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடி, எதிரே வந்த சைக்கிள்காரரைக் கட்டிப்பிடித்து, அப்படியே சாராயக் கடைக்குள் போய்விட்டார். வலது பக்கம் புல்தரை, இடது பக்கம் புதர்.

மறுநாள் இசாமு மீன்கடைக்குப் போய், "வாடா, மீதியை முடிச்சிடலாம்" என்றார்.

"இன்னைக்கு ஆட்டம் முடியட்டும்."

அன்றும் ஜெயித்தார்கள். அதற்கடுத்த நாளும். எபிசுவின் தலை அப்படியே நின்றுவிட்டது.

இதற்குத் தத்துவ விளக்கம் கொடுத்தவர் சாராயக் கடைக்காரர். மைதானத்தில் எங்கள் ஆட்கள் உற்சாகப்படுத்தும் முறையே ஒருவர் எழ, பக்கத்தில் இருப்பவர் உட்கார, அவர் எழ இவர் உட்கார என்று மாறி மாறித்தான். முழங்கால் போனவர்களும் விடமாட்டார்கள். "பாதிப் பேர் நிக்கணும், பாதிப் பேர் உக்காரணும். அதுதான் நம்ம கணக்கு. எபிசுவுக்கு ஒரே தலையில அது நடக்குது. பாதி முடி நிக்குது, பாதி உக்காந்திருக்கு. சாமி சும்மாவா வெட்ட வச்சாரு?" என்றார். சந்தே தலையாட்டியது. இவ்வளவு பெரிய உண்மை இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

மே மாதம் கொடி இறங்கியது. அணி இறங்கவில்லை. ஊர் முழுக்க முடி வளர்ந்தது. வங்கி மேலாளர் குடுமி போட்டார். தபால்காரர் கண்ணை மறைத்த முடியோடு கடிதங்களை வீடு மாற்றிப் போட்டார், யாரும் கோபப்படவில்லை. இசாமுவும் வெட்டிக்கொள்ளவில்லை. சலூன்காரர் ரப்பர் வளையம் போட்டு முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சதோயே சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். என்றாவது தோற்றால் எபிசுவை நிற்க வைத்து விசாரணை நடக்கும். காலையில் தொப்பி போட்டிருந்தார், அல்லது புதரைக் கழுவாமல் புல்தரையை மட்டும் கழுவினார் என்று ஏதாவது குற்றம் வெளியே வரும். எபிசு தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். கேட்பவர்களும் அந்தத் தலைக்கு எதிர் வணக்கம் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பட்டினியை இசாமு தாங்கிக்கொண்டார். அணிக்காகப் பட்டினி கிடப்பது அவருக்குப் பெருமைதான். தாங்க முடியாதது வேறு. அவர் வாழ்க்கையில் வெட்டியதிலேயே மோசமான முடிவெட்டு தினமும் மீன் விற்றது, டிராமில் ஏறியது, மைதானத்தில் எழுந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் வளர்ந்தன. வித்தியாசம் மட்டும் குறையவில்லை. ஒருநாள் தொலைக்காட்சிக்காரர்கள் எபிசுவைப் பிடித்து, "இது யார் வெட்டினது?" என்று கேட்டுவிட்டார்கள். கடையில் பார்த்துக்கொண்டிருந்த இசாமு காலி நாற்காலிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"நானேதான்," என்றார் எபிசு, கேமராவைப் பார்த்து. "மீன் வெட்டுற கத்தியால."

நண்பன் தன் பெயரைக் காப்பாற்றிவிட்டான் என்று இசாமுவுக்கு நிம்மதி வந்தது. கூடவே அவமானமும் வந்தது. அதைவிடப் பெரிய அவமானம் சலூன்காரர் சங்கக் கூட்டத்தில் காத்திருந்தது. சங்கத் தலைவர் எபிசுவின் பின்னந்தலையைப் பெரிய திரையில் காட்டி, கோலால் தட்டித் தட்டிப் பேசினார்.

"மீன் கத்தின்னு அவர் சொல்றாரு. ஆனா இது மெஷின் போட்ட தடம். யாரோ தொழில் தெரியாதவன் வெட்டியிருக்கான். நம்ம சங்கத்துல இப்படி ஒருத்தன் இருந்தா அவன் கத்திரியைக் கடல்ல போடணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். இசாமுவும் தட்டினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான், செத்துப்போவதற்குள் அந்த முடிவெட்டை முடித்துவிட வேண்டும்.

இதற்கிடையே எபிசுவின் மகள் சாயோரிக்குக் கல்யாணம் நெருங்கியது. மாப்பிள்ளை டோக்கியோ. சம்பந்தி நிஷிவாக்கி தலைநகரத்துப் பணக்கார அணியின் பரம்பரை ரசிகர். போன வருஷமே செப்டம்பரில் தேதி குறித்துவிட்டார்கள். "செப்டம்பர்ல நம்ம அணிக்கு என்ன வேலை இருக்கப்போகுது?" என்று எபிசுதான் சொல்லிக் குறித்தார். இப்போது பார்த்தால் லீக் கோப்பை முடிவாகிற ஆட்டமே அந்த வாரத்தில் வந்து நின்றது.

எபிசுவின் மனைவி கனாயே சலூனுக்கு வந்து, காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, பொண்ணுக்குப் பக்கத்துல அந்தத் தலையோட நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. மத்தியானம் கடைக்குப் பின்னால படுத்துத் தூங்குவாரு. நீங்க வந்து வெட்டிட்டுப் போயிடுங்கண்ணே. பழி என் தலையில போகட்டும்."

இசாமு உடனே ஒப்புக்கொண்டார். உள்ளூர அவர் இதற்குத்தான் காத்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே எபிசு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இசாமு கத்திரியை எடுத்துக் குனிந்தார். திடீரென்று குறட்டை நின்றது. இசாமு உறைந்துபோய் நின்றார். பிறகு குறட்டை முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. இசாமு பின்னந்தலையில் ஒரு கொத்தைப் பிடித்து வெட்டினார். வெட்டின சத்தம் காதில் விழுந்தது. அப்பாவின் பீப்பாய் கண் முன்னால் வந்தது. கொத்து முடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

அன்று அணி தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை, பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற தோல்வி. விசாரணையில் எபிசு அழாத குறையாகச் சத்தியம் செய்தார்.

"தொப்பி போடலங்க. ரெண்டு பக்கமும் சமமா கழுவினேன். நான் ஒரு தப்பும் செய்யலங்க!"

கூட்டத்தில் நின்ற இசாமுவின் சட்டைப் பையில் அந்தக் காகிதப் பொட்டலம் கனத்தது. கோப்பை ஊருக்கு வராமல் போனால் அது தன்னால்தான் என்று அவர் முழு மனசாக நம்பினார். சிரிக்காதீர்கள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும், இந்த ஊரில் பிறந்திருந்தால், அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

வீட்டில் சதோயே பொய் இமைமுடி ஒட்டுகிற பசை வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு இசாமு மறுபடியும் மத்தியானத் தூக்க நேரத்துக்குப் போனார். வெட்டின முடியைப் பழைய இடத்திலேயே வைத்து இழை இழையாக ஒட்டினார். முடி வெட்டிப் பிழைக்கிறவன் முடியைத் திருப்பி ஒட்டுவது அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். குறட்டை அன்று ஏனோ ராகம் போட்டு வந்தது. அணி மறுபடியும் ஜெயிக்கத் தொடங்கியது.

கல்யாண நாளும் கோப்பை நாளும் ஒன்றாகவே விடிந்தன.

விருந்து மண்டபத்தில் தங்கத் திரைக்கு முன்னால் மணமக்கள். ஒரு பக்கம் டோக்கியோக்காரர்கள், ஒட்ட வெட்டி வாரிய தலைகள். இன்னொரு பக்கம் எங்கள் சந்து. கோட்டு சூட்டெல்லாம் சரிதான், தலை மட்டும் கரடிக் கூட்டம். அந்த முடிக்குள் ஒவ்வொரு காதிலும் ரேடியோ இயர்போன். எபிசு மட்டும் இடது காதில் மாட்டியிருந்தார், வலது காதை மறைக்கப் போதுமான முடி இல்லை.

நிஷிவாக்கி மரியாதை தெரிந்த மனிதர். பீர் பாட்டிலோடு வந்து சம்பந்திக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. தலையில ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?"

சகுனத்தை வெளியே சொன்னால் பலிக்காது. அதிலும் அந்த அணி ரசிகரிடம் சொல்லவே கூடாது. எபிசுவுக்குத் தெரிந்தது ஒரே பதில்தான்.

"இல்லீங்க. நானேதான் வெட்டிக்கிட்டேன். மீன் வெட்டுற கத்தியால."

நிஷிவாக்கியின் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். டோக்கியோப் பக்கம் மேசைக்கு மேசை முணுமுணுப்பு பரவியது. "கத்தியாலயா?" "தனக்குத் தானேவா?" "இதெல்லாம் குடும்பத்துல தொடர்ந்து வருமாமே..." மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. சாயோரி தலை குனிந்து மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து எடுத்தாள். அந்தக் குழந்தைக்கு முதல் முடி வெட்டியது இசாமுதான். பக்கத்து மேசையில், விருந்தாளியாக வந்திருந்த சங்கத் தலைவர் மீனை மென்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இசாமு எழுந்தார்.

"பொய்யுங்க," என்றார். "அதை வெட்டினது நான். ஹிகாகி சலூன். என் அப்பா தொடங்கின கடை. இந்த ஆளுக்கு ஒரு பைத்தியமும் கிடையாது. என் பேரு கெடக் கூடாதுன்னு இத்தனை நாளா பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாரு. கோணலா வெட்டினதும் நான், பாதியில விட்டதும் நான்."

சங்கத் தலைவரின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"நீங்க தொழிலுக்கு வந்து எத்தனை வருஷம் ஆகுது?" என்று கேட்டார் நிஷிவாக்கி.

"முப்பது வருஷமாச்சுங்க."

"ஓ," என்றார் நிஷிவாக்கி.

அந்த ஒரு எழுத்தில் இசாமுவின் மானம் கப்பலேறியது. ஆனால் டோக்கியோப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சம்பந்தி பைத்தியம் இல்லை, சலூன்காரன்தான் மோசம். மாப்பிள்ளையின் அம்மா இசாமுவின் அருகே வந்து, தனக்குத் தெரிந்த டோக்கியோ சலூன் ஒன்றில் வாரக் கடைசிப் பயிற்சி வகுப்பு நடப்பதாக அன்போடு சொன்னாள். இசாமு குனிந்து நன்றி சொன்னார். கண்ணில் நீர் முட்டியது.

கடைசியில் சாயோரி பெற்றோருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தைப் படிக்க எழுந்தாள். விளக்குகளைக் குறைத்தார்கள், மெல்லிய பியானோ வாசித்தார்கள்.

"அப்பா, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மழையில என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினீங்க. அப்போ உங்க மேல வந்த மீன் வாசனை..."

"ஓஓஓ!" என்று எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. வங்கி மேலாளர் நாற்காலி மேல் ஏறினார். தபால்காரர் சாராயக் கடைக்காரரை முத்தமிட்டார். எங்கிருந்து எடுத்தாளோ, சதோயே சோற்றுக் கரண்டிகளைத் தட்டத் தொடங்கினாள். ஒருவர் எழ ஒருவர் உட்கார, மண்டபமே ஏறி இறங்கியது. டோக்கியோக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீன் வாசனைக்கு இவ்வளவு பாசமா என்று அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நிஷிவாக்கி மட்டும், காது கேட்கும் கருவி என்று எல்லோரும் நினைத்திருந்த ரேடியோ இயர்போனை மெல்லக் காதிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சம்பந்தியின் முன்னால் வந்து குனிந்தார்.

"உங்க ஆளுங்க நல்லா ஆடினாங்க. கோப்பைக்கு வாழ்த்துகள்."

எபிசு தேம்பித் தேம்பி அழுதார். அழுதபடியே ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"டேய் இசாமு, போட்டோ எடுக்கறதுக்குள்ள முடிச்சுவிடு!"

கத்திரி கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. அது இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. சாயோரி மேசை விரிப்பு ஒன்றை உருவி அப்பாவின் கழுத்தில் கட்டினாள். சங்கத் தலைவர் நாற்காலியை நகர்த்தி, நன்றாகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். இடது பக்கம் இழை இழையாக இறங்கியது.

எபிசு உதட்டை அசைக்காமல் பேசினார். "பின்னால ஒட்டின முடி இருக்கு பாரு, அதை முதல்ல எடு. அரிக்குது."

கத்திரி நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு நான் எங்கடா தூங்கினேன்? நீ கத்திரியோட வந்ததைப் பாத்ததும், அப்பாடா, முழுசா வெட்டிடுவான், பழியும் நமக்கு இல்லைன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அந்தத் தலையோட மக கல்யாணத்துல நிக்க எனக்கு மட்டும் ஆசையா? ஒரே ஒரு கொத்து வெட்டிட்டு ஓடிட்டியேடா, பாவி! அப்புறம் பசையைத் தூக்கிக்கிட்டு வர்றே. சிரிப்பை அடக்க நான் விட்ட குறட்டை எனக்குத்தான் தெரியும்."

இத்தனை மாதமும் தான் மட்டும்தான் ரகசியமாகத் துரோகம் நினைத்ததாக இசாமு வெந்துகொண்டிருந்தார். "தலையை ஆட்டாதே" என்று மட்டும் சொன்னார். ஆடியது எபிசுவின் தலை இல்லை, இவருடைய கண்ணீரில் எல்லாமே ஆடியது.

இன்னும் காதோரத்தில் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது சாராயக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா! இது லீக் கோப்பைதான், ஜப்பான் கோப்பைத் தொடர் இன்னும் பாக்கி இருக்கு!"

சந்து மொத்தமும் அந்தக் கடைசிக் கொத்து முடியையே பார்த்தது. இசாமுவும் எபிசுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எபிசு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பலமாகக் குறட்டை விட ஆரம்பித்தார்.

இசாமு வெட்டினார்.